இரண்டு தெனாரியத்துக்கு மேற்பட்டால்...



நல்ல சமாரியர் உவமையை நம்மில் அறியாதவர் இலர். எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனை அவர் தூக்கி எடுத்தார், காயங்களைக் கட்டினார், சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தார் என்று லூக்கா நற்செய்தியாளர் பத்தாம் அதிகாரத்தில் கூறுகின்றார். ஒரு தெனாரியம் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி.

நம் மறையுரைகள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. சமாரியரோ நின்றுவிடவில்லை. கொடுத்த பணத்துக்கு மேல் செலவு ஏற்படுமாயின், தாம் திரும்பி வரும்போது அதனையும் தந்துவிடுவதாக உறுதி கூறிச் சென்றார். காயம் இரண்டு நாளில் ஆறாமற் போகலாம் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருந்தார். இரக்கம் அவரைக் குனிய வைத்தது. முன்யோசனை அவரை மேலும் ஒரு வார்த்தை சொல்ல வைத்தது. அந்த வார்த்தை இல்லாதிருந்தால், பணம் தீர்ந்த மூன்றாம் நாளில் அந்த நோயாளியின் கதி என்னவாயிருக்கும்?

இந்தக் கேள்வியை இம்மாதம் உங்கள்முன் வைப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு.

ஒரு பதவி உயர்வும் அதன் பின்விளைவும்

நம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் சிறிதளவு அரளித் தோட்டம் வைத்துக்கொண்டு, சேலத்தில் ஓர் ஆலையில் பணிபுரியும் குடும்பத் தலைவர் ஒருவரை நான் நன்கறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியது. மனைவி மக்களோடு வந்து நன்றித் திருப்பலிக்குக் காணிக்கை கொடுத்தார். நானும் மனமகிழ்ந்து ஆசீர் அளித்தேன். அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றை நான் கேட்கவில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை, அதாவது இ.எஸ்.ஐ.யை, நீங்கள் அறிவீர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம் அது. 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, தொழிலாளி தம் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் செலுத்துகின்றனர். அதன் கீழ் உள்ளவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் ஆகும் சிகிச்சைச் செலவுக்கு மேல்வரம்பு கிடையாது. ஆனால் 2017 ஜனவரியில் வகுத்த எல்லைப்படி, மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர்க்கே அதில் இடம் உண்டு. ஊதியம் அதனைத் தாண்டினால், அப்போது நடக்கும் ஆறுமாதச் சந்தாக் காலம் முடியும்வரை அவர் திட்டத்தில் இருப்பார். பிறகு வெளியேறியவர் ஆவார்.

ஆகவே நம் நண்பர் பதவியில் ஒரு படி ஏறியபோது, பாதுகாப்பில் பல படிகள் இறங்கினார். நிருவாகம் அவரைக் குழுக் காப்பீட்டில் சேர்த்து, குடும்பம் முழுமைக்கும் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்று எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தது. அதை அவர் வேதாகமத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்தினார், வாசிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். செலவு 2,60,000 ரூபாய். அட்டை அதனை ஏற்றுக்கொண்டது. ஐந்து மாதம் கழித்து மீண்டும் வலி. இம்முறை நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை. செலவு 2,40,000 ரூபாய். அட்டையில் மீதமிருந்தது 40,000 மட்டுமே. எஞ்சிய 2 லட்சம் ரூபாயை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினார்கள். மாதந்தோறும் வட்டி மட்டும் 6,000 ரூபாய். எட்டாம் மாதம் அரளித் தோட்டம் கைமாறியது. மகளின் செவிலியர் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது.

"சாமி, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதென்று நிம்மதியாக இருந்தோம். அதற்கும் ஒரு முடிவு உண்டென்று யாரும் சொல்லவில்லையே" என்று அந்தத் தாய் என்னிடம் கூறியபோது, என்னிடம் மறுமொழி இல்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

இடையில் நிற்கும் குடும்பங்கள்

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கின்றது. 2012இல் இப்பெயரில் தொடங்கிய இத்திட்டம், 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கின்றது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கின்றது. செல்வருக்கு அவர்தம் செல்வம் இருக்கின்றது. இவற்றுள் எதிலும் சேராமல், மாதம் இருபத்தையாயிரமோ நாற்பதாயிரமோ ஈட்டிக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுக் கடனையும் சுமக்கும் குடும்பம் இடையில் நிற்கின்றது. அதற்குள்ள ஒரே குடை, வேலை கொடுத்தவர் பிடிக்கும் குடை. அது பல இடங்களில் 2 லட்சமோ 3 லட்சமோ அளவுள்ள சிறு குடை. தூறலுக்குப் போதும், அடைமழைக்குப் போதாது.

அரசு மருத்துவமனையை நான் மறக்கவில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதவு எல்லார்க்கும் திறந்தே உள்ளது. எனினும், நெஞ்சுவலி வந்த இரவில் எந்த வாசலுக்கு வண்டி ஓடும் என்பதை முன்கூட்டி முடிவு செய்பவர் யார்?

ஏரியும் கலிங்கும்

இந்தக் குறையை நிரப்புவதற்கென்றே டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்னும் பெயர்களில் பாலிசிகள் விற்கப்படுகின்றன. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் இவற்றை வழங்குகின்றன. இவற்றின் இயல்பை விளக்க நம் ஊர் ஏரியே போதும்.

சேலம் நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது பனமரத்துப்பட்டி ஏரி. எந்த ஏரிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதுவரை வரும் நீரை ஏரி தாங்கும். அதற்கு மேற்பட்ட நீர் கலிங்கு வழியாக வெளியேறும். கலிங்கு இல்லாத ஏரியில் மிகுந்த நீர் கரையை உடைக்கும்.

மருத்துவச் செலவை மழை என்று கொள்ளுங்கள். கம்பெனியின் காப்பீடு ஏரி. சூப்பர் டாப்-அப் கலிங்கு. ஏரி நிரம்பும்வரை கலிங்குக்கு வேலை இல்லை. எந்த மட்டம் வரை அது வேலை செய்யாதோ, அந்த மட்டத்துக்கு டிடக்டிபிள் என்று பெயர். முதல் 3 லட்சம் ரூபாயை எங்களிடம் கேட்காதீர்கள், அதற்கு மேற்பட்டதைத் தருகிறோம் என்று நிறுவனம் கூறுமானால், அந்த 3 லட்சமே டிடக்டிபிள். அதனைக் கம்பெனியின் பாலிசி செலுத்தினாலும் சரி, நாமே செலுத்தினாலும் சரி. சிறு செலவுகளின் சுமை அதன்மேல் விழாததால், அதன் பிரீமியம் முழுப் பாலிசியின் பிரீமியத்தைவிடக் குறைவு. வயதுக்கும் தொகைக்கும் ஏற்ப, நடுவயதுக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் அடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் நீக்கப்பட்டுள்ளது.

டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் ஏமாந்தவர் பலர். சாதாரண டாப்-அப், ஒவ்வொரு மழையையும் தனித்தனியே அளக்கும். ஒரே மழையில் ஏரி நிரம்பினால்தான் அது திறக்கும். சூப்பர் டாப்-அப், ஓராண்டில் பெய்த மழை அனைத்தையும் கூட்டிப் பார்க்கும்.

நம் நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் செலவு 2,60,000; இரண்டாம் செலவு 2,40,000. 3 லட்சம் டிடக்டிபிள் உள்ள சாதாரண டாப்-அப் அவரிடம் இருந்திருந்தால், இரண்டில் எதுவும் தனியாக 3 லட்சத்தைத் தாண்டவில்லை. ஆதலால் ஒரு காசும் வந்திராது. அதே டிடக்டிபிள் உள்ள சூப்பர் டாப்-அப் இருந்திருந்தால், இரண்டும் சேர்ந்து 5 லட்சம். அதில் 3 லட்சம் போக மீதி 2 லட்சம் கிடைத்திருக்கும். செலவு முழுவதும் பாலிசி விதிகளுக்கு உட்பட்டது என்று கொண்டு போட்ட கணக்கு இது. அரளித் தோட்டம் நின்றிருக்கும்.

கடல் கடந்து அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இச்சிக்கல் தலைகீழாக நேர்கின்றது. அங்கே கம்பெனிக் காப்பீட்டிலேயே டிடக்டிபிள் இருக்கின்றது. வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கோடு இணையத்தக்க திட்டத்தில், 2025ஆம் ஆண்டுக்கு அது தனியொருவருக்குக் குறைந்தது 1,650 டாலர், குடும்பத்துக்கு 3,300 டாலர். அத்தொடக்கச் செலவை ஈடுகட்ட அங்கே இடைவெளிக் காப்பீடு என்று தனியாக வாங்குகின்றனர். அவர்களுக்குப் பள்ளம் வழியின் தொடக்கத்தில். நமக்கோ வழியின் இறுதியில்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கம்பெனிக் காப்பீட்டின் தொகை எவ்வளவு, அதில் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருள் யார் யார் அடங்குவர் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். டிடக்டிபிள் அத்தொகைக்குச் சமமாக இருக்கட்டும். கம்பெனி 2 லட்சம் தர, டிடக்டிபிள் 5 லட்சமானால், இடையிலுள்ள 3 லட்சம் உங்கள் தலையில் விழும்.

இரண்டாவது, டிடக்டிபிள் கணக்கிடப்படுவது சூப்பர் டாப்-அப் பாலிசியின் ஆண்டுக்குள். கம்பெனிப் பாலிசி ஏப்ரலிலும் உங்கள் பாலிசி அக்டோபரிலும் தொடங்கினால், ஒரே நோயின் செலவுகள் இரண்டு ஆண்டுகளில் பிரிந்து, இரு கணக்கிலும் மட்டம் எட்டாமற் போகக்கூடும். இயன்றவரை இரண்டும் ஒரே மாதத்தில் தொடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உடல்நலம் இருக்கும்போதே வாங்குங்கள். முதல் 30 நாளில் விபத்து நீங்கலாக மற்றவற்றுக்குப் பணம் கிடைப்பதில்லை. முன்பே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்பு வைக்கலாம் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. நம் நண்பர் இப்போது கேட்கும்போது, அவருடைய இதயத்தைக் கண்டு நிறுவனங்கள் தயங்குகின்றன. எண்ணெய்க்காகக் கடைக்கு ஓடிய அறிவிலிக் கன்னியரின் நிலை அது.

நான்காவது, உண்மையை மறைக்காதீர்கள். சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் எழுத வேண்டாம் என்று கூறும் முகவர் உங்கள் நண்பர் அல்லர். பொய் பாவம் என்பது ஒருபுறமிருக்க, அப்பொய்யைக் காட்டியே நோய் வந்த நாளில் பணத்தை மறுக்க வழி பிறக்கும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் செலுத்தியபின், நிரூபிக்கப்பட்ட மோசடி இருந்தாலன்றி, விவரத்தை மறைத்ததாகக் கூறி நிறுவனம் மறுக்க இயலாது. ஆனால் நோய் ஐந்து ஆண்டு காத்திருக்குமா?

ஐந்தாவது, மருத்துவமனையில் அறை எடுக்கும்போது பாலிசி அனுமதிக்கும் வாடகையைப் பாருங்கள். அதைவிட உயர்ந்த அறையில் தங்கினால், வாடகை மட்டுமன்றி, மருத்துவர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படுவதுண்டு.

ஆறாவது, கம்பெனிப் பாலிசி கொடுத்த தொகைக்கான தீர்வுக் கடிதத்தையும், ரசீதுகளின் சான்றிட்ட நகல்களையும் பாதுகாத்து வையுங்கள். ஏரி நிரம்பியது என்பதற்கு அவையே சாட்சி. இரண்டாம் நிறுவனத்துக்கும் உடனடியாகத் தகவல் கொடுங்கள். நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் அந்நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் தீர்வு கிடைக்காவிடில், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

ஏழாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. கம்பெனியின் குடை வேலை இருக்கும்வரைதான். வேலை போனாலும் ஓய்வு பெற்றாலும் ஏரி மறைந்துவிடும். கலிங்கு மட்டும் உயரத்தில் நிற்கும். அப்போது முதல் 3 லட்சத்துக்கு யார் பொறுப்பு? ஆகையால் ஐம்பது வயதை நெருங்குவோர் தம் பெயரில் சிறியதாகவேனும் ஓர் அடிப்படைப் பாலிசி எடுத்துக்கொள்வது நலம். வேலையை விட்டு விலகுமுன், குழுப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். குழுவில் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கணக்கிடப்படும். இ.எஸ்.ஐ.யில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெறுவோர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்பதும் பலர் அறியாதது.

இறைப் பராமரிப்பில் ஐயமா?

"கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்பாமல் காப்பீடு எடுப்பது விசுவாசக் குறைவு அல்லவா?" என்று கேட்போர் உண்டு. எகிப்து நாட்டில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். அதற்கான அறிவை அவருக்கு அளித்தவர் இறைவனே. இறைப் பராமரிப்பு வானத்திலிருந்து மட்டும் இறங்குவதன்று. விவேகமுள்ளவர் கைகளின் வழியாகவும் வருவது. காப்பீடு என்பதும் அடிப்படையில் என்ன? ஆயிரம் வீட்டார் சிறிது சிறிதாகப் போட்டு, அவ்வாண்டு நோயுற்ற சில வீட்டாரைத் தாங்குவது. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கச் சொன்ன திருத்தூதரின் அறிவுரைக்கு இது அயலானதன்று.

திருச்சபையும் இதனைச் சிறு காரியமாகக் கருதவில்லை. 1891ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், நோய், விபத்து, மரணம் ஆகியவற்றில் தொழிலாளரின் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் உதவிச் சங்கங்களைப் பாராட்டினார். 1981ஆம் ஆண்டில் புனித இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், தொழிலாளிக்கு மருத்துவ உதவி எளிதில் கிட்ட வேண்டும் என்றும், அது இயன்றவரை குறைந்த செலவிலோ இலவசமாகவோ அமைய வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஆகையால் நம்மிடையே ஆலையோ பட்டறையோ கடையோ நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பணியாளர்க்குக் காப்பீடு எடுத்தால், அதன் எல்லையையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். பதவி உயர்வால் இ.எஸ்.ஐ.யிலிருந்து ஒருவர் வெளியேறும் நாளில், அவரை அழைத்து அதன் பொருளை விளக்குங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

வரும் ஞாயிறு ஒரு கடமை

வரும் ஞாயிறு மாலைச் செபமாலை முடிந்ததும், கணவனும் மனைவியும் அந்தக் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்து நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு தொகை? யார் யாருக்கு? எதுவரை? அதற்கு மேல் யார்? நான்காம் கேள்விக்கு விடை இல்லையெனில், அவ்விடைக்காக மாதந்தோறும் எதைக் குறைத்துச் சேமிக்கலாம் என்று பேசி முடிவு செய்யுங்கள். தேரோட்டத்துக்குக் கடன் வாங்கும் நாம், இதற்குத் தயங்குவது முறையன்று.

உங்கள் கணக்கு முடிந்ததும், அடுத்த வீட்டையும் நினையுங்கள். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு டாப்-அப் பற்றிய பேச்சு பயன்படாது. அவர்கட்கு வேண்டியது முதலமைச்சர் திட்டத்தின் அட்டை. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லக் கூடுமானால், அதுவும் சமாரியரின் பணியே. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞரும் இப்பணியை ஏற்கும்படி வேண்டுகிறேன்.

அந்த நண்பர் இப்போது உடல் தேறி வேலைக்குப் போகிறார். மகள் மீண்டும் கல்லூரிக்குச் செல்கிறாள். அதிகாலையில் பேருந்துக்கு நடக்கும்போது, தம்முடையதாயிருந்த அரளித் தோட்டத்தில் பிறர் பூப்பறிப்பதைக் கண்டுகொண்டே அவர் போகிறார். ஒருநாள் என்னிடம், "சாமி, என் கதையை எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம்" என்றார். அவ்வாறே எழுதினேன். இனி நம் பங்கில் பதவி உயர்வுக்கு நன்றித் திருப்பலி கேட்டு வருவோரிடம், ஆசீர் அளிக்குமுன் அந்த நான்காம் கேள்வியை நான் கேட்பேன்.

நாசரேத்தூர்க் குடும்பத்தைத் தம் உழைப்பால் காத்த தொழிலாளரான புனித சூசையப்பர், உழைத்து உண்ணும் நம் குடும்பங்கள் அனைத்தையும் நோயினின்றும் கடனின்றும் காத்தருள்வாராக!

— பங்குத் தந்தை, பனமரத்துப்பட்டி